வில்லியம் சீமென்ஸ்

சர் சார்லஸ் வில்லியம் சீமென்ஸ் (ஏப்ரல் 4, 1823 – நவம்பர் 19, 1883) ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் கார்ல் வில்ஹெல்ம் சீமென்ஸ் என்பதாகும். புகைபோக்கி வழியே வீணாக வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து மீண்டும் உலைக்குள்ளேயே செலுத்தும் வெப்ப மீட்பு உலையைத் தம் தம்பி பிரெடரிக்குடன் இணைந்து உருவாக்கியது இவரது முதன்மையான பணியாகும். இவ்வுலையின் அடிப்படையில் அமைந்த திறந்த உலை முறை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகின் எஃகு உற்பத்தியில் முதலிடம் வகித்தது. மின்தந்தி, கடலடித் தந்திவடம், மின்விளக்கு, மின்வண்டி ஆகிய துறைகளிலும் இவர் பங்களித்துள்ளார்.

மின்கடத்துதிறனின் அலகான சீமென்ஸ், இவருடைய அண்ணன் வெர்னர் வான் சீமென்ஸ் (1816–1892) நினைவாகப் பெயரிடப்பட்டதாகும். இவர் நினைவாக அன்று.

பிறப்பும் இளமையும்

வில்லியம் சீமென்ஸ் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள லெந்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் பெர்டினண்ட் சீமென்ஸ், பெருநிலக்கிழார்களின் பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்தவர். தாய் எலியனோர். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பதினால்வர். 1839 இல் தாயும் 1840 இல் தந்தையும் இறந்தனர். அப்பொழுது வில்லியமுக்கு வயது பதினாறு. இளையவர்களை வளர்த்துப் படிக்க வைக்கும் பொறுப்பு, பிரஷ்யப் படையில் பீரங்கிப் பிரிவு அதிகாரியாக இருந்த வெர்னர் மீது பெரிதும் விழுந்தது.

வில்லியம் முதலில் லூபெக் நகரிலும், பின்னர் மாக்டபர்க் நகரின் தொழிற்பள்ளியிலும் பயின்றார். அப்பள்ளியில் கணித வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே நேரத்தில் நடந்தன. வெர்னர் அதிகாலையில் தாமே தம்பிக்குக் கணிதம் கற்பித்து, பள்ளி நேரத்தில் ஆங்கிலம் படிக்கச் செய்தார். வில்லியமின் பிற்கால வாழ்வை இந்த ஏற்பாடே முடிவு செய்தது எனலாம். 1841 முதல் ஓராண்டுக் காலம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். அதன் பின் மாக்டபர்க்கில் நீராவிப் பொறிகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். நான்கைந்து ஆண்டுப் படிப்புக்குக் குடும்பத்தில் பணம் இல்லாததால், இவரது முறையான கல்வி இத்துடன் முடிந்தது.

இங்கிலாந்துக்கு வருகை

வெர்னர் மின்பகுப்பு மூலம் பொன், வெள்ளி முலாம் பூசும் முறை ஒன்றைக் கண்டறிந்திருந்தார். அதை விற்றுக் குடும்பச் செலவுக்குப் பணம் ஈட்டும் நோக்கத்துடன் 1843 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வில்லியம் இலண்டன் வந்தார். அப்பொழுது இவருக்கு வயது பத்தொன்பது. பர்மிங்காம் நகரில் முலாம் பூசும் தொழிலில் முன்னணியில் இருந்த எல்கிங்டன் என்பவர் அம்முறையை 1600 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய நிலையில் இது பெருந்தொகையாகும்.

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இங்கிலாந்தில் இருந்தது. இதனால் கவரப்பட்ட வில்லியம் 1844 இல் மீண்டும் அங்கு வந்து நிலையாகத் தங்கினார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உருவாக்கிய, நீராவிப் பொறியின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியையும் புதிய அச்சு முறை ஒன்றையும் விற்க முயன்றார். அந்த அச்சு முறையைப் பற்றி மைக்கேல் பாரடே 1845 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். வேகச் சீராக்கி கிரீனிச் வான் ஆய்வகத்தில் பயன்பட்டது. ஆயினும் இரண்டுமே எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. முதல் விற்பனையில் கிடைத்த பணம் அடுத்தடுத்த முயற்சிகளில் கரைந்தது. 1851 இல் காப்புரிமை பெற்ற நீர் அளவி ஒன்றே இவருக்கு முதன்முதலில் நிலையான வருமானத்தை அளித்தது. 1859 இல் இவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியராக இருந்த லூயிஸ் கார்டனின் தங்கை ஆன் கார்டனை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வெப்ப மீட்பு நீராவிப் பொறி

வில்லியம் இங்கிலாந்தில் காலூன்றிய ஆண்டுகளில் வெப்பம் பற்றிய அறிவியலே மாறிக்கொண்டிருந்தது. வெப்பம் என்பது அழியாத ஒருவகைப் பாய்மம் என்னும் பழைய கருத்து பலரிடமும் நிலவியது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், வெப்பமும் இயந்திர வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதையும், அம்மாற்றத்துக்கு ஒரு நிலையான அளவு உண்டு என்பதையும் சோதனைகளால் நிறுவினார். ஜூலின் கருத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட பொறியியலாளர்களுள் வில்லியமும் ஒருவர்.

ஜூலின் அளவைக் கொண்டு கணக்கிட்டபோது, எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பகுதியே நீராவிப் பொறியில் வேலையாக மாறுகிறது என்பது தெரிந்தது. எஞ்சிய வெப்பம் குளிர்விக்கும் நீரிலும் புகைபோக்கியிலும் சென்று மறைகிறது. அதைப் பிடித்து மீண்டும் பயன்படுத்த முடியாதா என்பதே வில்லியம் எழுப்பிக்கொண்ட கேள்வி. வெளியேறும் சூடான வாயுவை உலோகத் தகடுகளின் அடுக்கு வழியே செலுத்தினால் தகடுகள் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பின்னர் உள்ளே வரும் குளிர்ந்த வாயுவை அதே அடுக்கு வழியே செலுத்தினால் அவ்வெப்பம் திரும்பக் கிடைக்கும். இக்கருத்து முற்றிலும் புதியது அன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டர்லிங் என்னும் சமயகுரு 1816 இல் தம் வெப்பக்காற்றுப் பொறியில் இதைக் கையாண்டிருந்தார்.

வில்லியம் இதனை நீராவிக்குப் பயன்படுத்தினார். 1847 இல் போல்ட்டன் நகரில் ஜான் ஹிக் என்பவரின் தொழிற்சாலையில் நான்கு குதிரைத்திறன் கொண்ட பொறி ஒன்றைக் கட்டினார். 1850 இல் வெப்ப மீட்புக் குளிர்விப்பான் ஒன்றுக்காகக் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1853 இல் வெப்பம் வேலையாக மாறுவதைப் பற்றிக் குடிசார் பொறியாளர் நிறுவனத்தில் வாசித்த கட்டுரை டெல்ஃபோர்டு பரிசைப் பெற்றது. பரிசுகள் வந்தனவே தவிர, பொறி வெற்றி பெறவில்லை. மிகைச் சூடேற்றிய நீராவியின் வெப்பத்தை அக்காலத்து இரும்பு தாங்கவில்லை. சூடேறும் பாகங்கள் விரைவில் கருகித் தேய்ந்தன. இணைப்புகளில் கசிவு ஏற்பட்டது. மிச்சமாகும் நிலக்கரியின் விலையைவிடப் பழுதுபார்க்கும் செலவு மிகுந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுக்கால உழைப்பும் பணமும் இதில் செலவாயின.

வெப்ப மீட்பு உலை

தோற்றம்

இந்தத் தோல்வியிலிருந்து வழி காட்டியவர் தம்பி பிரெடரிக் (1826–1904) ஆவார். அண்ணனிடம் உதவியாளராகப் பணியாற்றிய அவர், வெப்ப மீட்புக் கருத்தைப் பொறியில் கையாளாமல் உலையில் கையாளலாம் என்று கண்டார். இதற்கான காப்புரிமை 1856 டிசம்பரில் பிரெடரிக்கின் பெயரில் பெறப்பட்டது. பொறியில் வெப்பத்தை வேலையாக மாற்ற வேண்டும். அசையும் பாகங்கள் அனைத்தும் கடுஞ்சூட்டைத் தாங்க வேண்டும். உலையிலோ வெப்பம் வெப்பமாகவே வேண்டப்படுகிறது. அதைத் தேக்கி வைக்க அசையாத செங்கல் அடுக்கே போதும். ஆகவே பொறியில் தோற்ற அதே கருத்து உலையில் பொருந்தியது.

இம்முறையால் எரிபொருளில் 70 முதல் 80 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என 1857 இல் வில்லியம் அறிவித்தார். எனினும் முதலில் கட்டப்பட்ட உலைகளில் நிலக்கரியை நேரடியாக எரித்ததால் சாம்பலும் தூசியும் செங்கல் அடுக்கின் இடைவெளிகளை அடைத்தன. இக்குறையைப் போக்க வில்லியம், நிலக்கரியைத் தனியே ஓர் அடுப்பில் குறைந்த காற்றில் எரித்து, எரியக்கூடிய வாயுவாக மாற்றும் உற்பத்தி வாயுக்கலத்தை வடிவமைத்தார். வாயுவை எரித்ததால் தூசி நீங்கியது. விலை மலிந்த தூள் நிலக்கரியையும் பயன்படுத்த முடிந்தது. இதற்கான காப்புரிமை 1861 ஜனவரியில் இரு சகோதரர்களின் பெயரிலும் பெறப்பட்டது.

செயல்படும் முறை

உலையின் இருபுறமும், தரைமட்டத்துக்குக் கீழே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் சூட்டைத் தாங்கும் செங்கற்கள் இடைவெளி விட்டுச் சதுரங்கக் கட்டம்போல அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்து அறைகளில் ஒன்றன் வழியாக வாயுவும் மற்றொன்றன் வழியாகக் காற்றும் உலைக்குள் சென்று கலந்து எரியும். எரிந்த புகை எதிர்ப்பக்கத்து அறைகள் வழியே இறங்கி, அங்குள்ள செங்கற்களைச் செஞ்சூடாக்கிவிட்டுப் புகைபோக்கியை அடையும். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு தடுக்கிதழைத் திருப்பி ஓட்டத்தின் திசையை மாற்றுவர். இப்பொழுது குளிர்ந்த வாயுவும் காற்றும் செஞ்சூடான செங்கற்களின் வழியே வந்து, எரியும் முன்னரே சூடேறிவிடும். புகை மறுபக்கத்துச் செங்கற்களைச் சூடாக்கும்.

இதனால் இரண்டு பயன்கள் விளைந்தன. முதலாவது, எரிபொருள் சிக்கனம். இரண்டாவது, சாதாரண உலையில் எட்ட முடியாத உயர்ந்த வெப்பநிலை. முன்னரே சூடேறிய காற்றும் வாயுவும் எரியும்போது சுடரின் வெப்பநிலை உயர்கிறது. அதனால் செங்கற்கள் மேலும் சூடேறுகின்றன. அடுத்த சுற்றில் சுடர் இன்னும் உயர்கிறது. இவ்வேற்றத்துக்கு எல்லையாக அமைந்தது உலையின் கூரை எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதேயாகும்.

பாரடேயின் உரை

புதிய உலை முதலில் கண்ணாடித் தொழிலில் வெற்றி பெற்றது. பர்மிங்காம் அருகே சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலையில் 1861 இல் இது நிறுவப்பட்டது. புகையும் தூசியும் இல்லாத சுடர், கண்ணாடியின் தெளிவைக் கெடுக்கவில்லை. அங்கு சென்று உலையை நேரில் கண்ட மைக்கேல் பாரடே, 1862 ஜூன் 20 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவில் இதனை விளக்கினார். முதுமையால் நினைவாற்றல் குறைந்திருந்த பாரடே, அந்த உரையின்போது தம் குறிப்புத்தாள்களைத் தவறுதலாக வாயுச்சுடரில் எரித்துவிட்டார். அவர் ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு அதுவேயாகும். அதே ஆண்டில் வில்லியம் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரெடரிக் பின்னர் ஜெர்மனி திரும்பினார். டிரெஸ்டன் நகரில் கண்ணாடி ஆலை நடத்திய சகோதரர் ஹான்ஸ் 1867 இல் இறந்தபின் அதன் பொறுப்பை ஏற்று, வெப்ப மீட்பு உலைகளைக் கொண்டு அதைப் பெரிய ஆலையாக வளர்த்தார்.

எஃகு உற்பத்தி

அக்காலத்தில் நல்ல எஃகு சிறு மூசைகளில் உருக்கப்பட்டது. இதற்கு எஃகின் எடையைப்போலப் பலமடங்கு கல்கரி தேவைப்பட்டது. 1856 இல் ஹென்றி பெசமர் அறிவித்த முறையில் உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி மிக விரைவாக எஃகு செய்ய முடிந்தது. ஆனால் அம்முறையில் சில நிமிடங்களிலேயே எல்லாம் முடிந்துவிடுவதால் தரத்தைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருந்தது. பழைய இரும்பைப் பெருமளவில் உருக்கவும் அதில் வழியில்லை.

வெப்ப மீட்பு உலையின் உயர்ந்த வெப்பநிலையில், மூசை இன்றி உலையின் அகன்ற படுகையிலேயே எஃகை உருகிய நிலையில் மணிக்கணக்கில் வைத்திருக்கலாம் என வில்லியம் கருதினார். தொடக்க முயற்சிகள் தோல்வியுற்றன. பிரான்சில் ஓர் ஆலையில் உலையின் கூரை உருகிவிட்டதால் உரிமையாளர்கள் முயற்சியையே கைவிட்டனர். 1865 அளவில் பிரான்சின் சிரேய் என்னும் ஊரில் பியர் எமில் மார்ட்டின் என்பவர், சீமென்ஸ் உலையில் வார்ப்பிரும்பையும் பழைய இரும்பையும் சேர்த்து உருக்கி நல்ல எஃகு எடுத்தார். வில்லியமோ பர்மிங்காமில் ஒரு மாதிரி எஃகு ஆலையை நிறுவி, வார்ப்பிரும்புடன் இரும்புத்தாதுவைச் சேர்க்கும் முறையை உருவாக்கினார். தேய்ந்துபோன பழைய இரயில் தண்டவாளங்களை எஃகாக மாற்றி, அந்த எஃகில் புதிய தண்டவாளங்கள் செய்ய முடியும் என்பதும் அங்கு காட்டப்பட்டது. உலை சீமென்ஸ் சகோதரர்களுடையது. அதில் முதலில் தொடர் வெற்றி கண்டவர் மார்ட்டின். ஆகவே இம்முறைக்குச் சீமென்ஸ்–மார்ட்டின் முறை என்னும் பெயர் நிலைத்தது.

1869 இல் வேல்ஸ் பகுதியில் சுவான்சி நகருக்கு அருகே லாண்டோர் என்னுமிடத்தில் வில்லியமின் எஃகு ஆலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இதன் உற்பத்தி வாரத்துக்கு 1000 டன் அளவை எட்டியது. பிரித்தானியக் கடற்படையின் முதல் முழு எஃகுக் கப்பலான ஐரிஸ் (1877) லாண்டோர் எஃகினால் கட்டப்பட்டது. 1890 இல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்தின் ஃபோர்த் தொடர்வண்டிப் பாலம், சீமென்ஸ்–மார்ட்டின் முறையில் செய்த ஏறத்தாழ 54,000 டன் எஃகினால் ஆனது. எனினும் லாண்டோர் ஆலை தொழில் என்ற அளவில் நட்டத்தையே கண்டது. வில்லியம் தம் சொந்தப் பணத்தையும் அதில் இழந்தார். அவர் இறந்து ஐந்து ஆண்டுகளில், 1888 இல், அது மூடப்பட்டது. அவரிடம் உரிமம் பெற்று உலைகளைக் கட்டிய பிறர் பெற்ற இலாபத்தை அவருடைய சொந்த ஆலை பெறவில்லை.

உலைகளின் கடுஞ்சூட்டை அளக்கச் சாதாரண வெப்பமானிகள் உதவவில்லை. பிளாட்டினக் கம்பியின் மின்தடை வெப்பத்தால் உயர்வதை அளந்து வெப்பநிலையை அறியும் கருவியை வில்லியம் உருவாக்கி, 1871 இல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் விளக்கினார். பிற்காலத்தில் பிறர் திருத்தியமைத்த பிளாட்டின மின்தடை வெப்பமானிகளுக்கு இது முன்னோடியாகும்.

தந்திப் பணிகள்

வெர்னரின் பெர்லின் நிறுவனத்துக்கு இலண்டனில் முகவராக இருந்த வில்லியம், பின்னர் சீமென்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தின் தலைவரானார். தேம்ஸ் ஆற்றங்கரையில் வுல்விச் என்னுமிடத்தில் 1863 இல் தந்திவட ஆலை தொடங்கப்பட்டது. இலண்டனிலிருந்து பிரஷ்யா, உருசியா, பாரசீகம் வழியாக இந்தியாவை இணைத்த இந்தோ–ஐரோப்பியத் தந்தித்தடத்தைச் சீமென்ஸ் சகோதரர்கள் டெஹ்ரான் வரை அமைத்தனர். 1870 இல் இத்தடத்தில் இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. 1931 வரை இது பயன்பாட்டில் இருந்தது. அட்லாண்டிக் கடலில் வடம் பதிப்பதற்காக வில்லியம் வடிவமைப்பில் பங்கேற்ற கப்பல் 1874 இல் நீரில் இறக்கப்பட்டது. அதற்குப் பாரடே எனப் பெயரிட்டார்.

நிலக்கரியும் வீணாகும் ஆற்றலும்

பிரித்தானியாவின் நிலக்கரி தீர்ந்துபோகுமா என்னும் அச்சம் 1860களில் எழுந்தது. பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865 இல் வெளியிட்ட நிலக்கரி குறித்த நூலில், பொறிகளின் சிக்கனம் கூடக்கூட நிலக்கரியின் மொத்தப் பயன்பாடு குறைவதில்லை; மாறாக அது கூடுகிறது என வாதிட்டார். வெப்ப மீட்பு உலையின் வரலாறும் இதற்கு ஒரு சான்றாக அமைந்தது. ஒரு டன் எஃகுக்குத் தேவையான நிலக்கரி குறைந்தது; எஃகு மலிந்தது; உலகம் முன்னெப்போதும் இல்லாத அளவு எஃகு செய்தது.

வில்லியமின் பார்வை உலையோடு நிற்கவில்லை. சுரங்கத்தில் எடுக்க முடியாத தூள் நிலக்கரியையும் கழிவு நிலக்கரியையும் நிலத்தடியிலேயே வாயுவாக மாற்றலாம் என 1868 இல் கூறினார். நிலக்கரியை எந்தப் பயன்பாட்டுக்காகவும் அப்படியே எரிக்கக் கூடாது. முதலில் வாயுவாகவும் கல்கரியாகவும் பிரித்து, தாரையும் அம்மோனியாவையும் சேமித்த பின்னரே எரிக்க வேண்டும் என்பது இவருடைய பிற்காலக் கொள்கை. இலண்டன் வீடுகளின் கணப்படுப்புகளிலிருந்து எழும் புகை மூடுபனியோடு கலந்து நகரத்தை இருளச் செய்தது. அதைக் குறைக்க, வாயுவும் கல்கரியும் கொண்டு புகையின்றி எரியும் கணப்படுப்பு ஒன்றை 1880 இல் வடிவமைத்தார். யாரும் செய்துகொள்ளட்டும் என்று அதற்குக் காப்புரிமை பெறவில்லை. காப்புரிமைகளாலேயே வாழ்ந்த ஒருவர் இவ்வாறு செய்தது குறிப்பிடத்தக்கது.

1876 இல் நயாகரா அருவியைக் கண்டபோதும் இதே கணக்கே இவர் மனத்தில் எழுந்தது. 1877 இல் இரும்பு எஃகு நிறுவனத்தின் தலைவராக ஆற்றிய உரையில், அந்த ஓர் அருவியில் வீணாகும் ஆற்றலுக்கு உலகில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி முழுவதும் அரிதாகவே ஈடாகும் என்று மதிப்பிட்டார். அதை மின்சாரமாக மாற்றித் தடித்த செப்புக் கடத்தி வழியே 30 மைல் தொலைவுக்கு அனுப்பலாம் என்றும் கூறினார். அன்று பலரும் இதனை நம்பவில்லை. 1896 இல் நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றது. அதற்கு மாறுமின்னோட்டமும் மின்மாற்றியும் தேவைப்பட்டன. அவை வில்லியமின் திட்டத்தில் இடம்பெறவில்லை.

செர்வுட் தோட்டம்

டன்பிரிட்ஜ் வெல்ஸ் அருகே செர்வுட் என்னும் தம் பண்ணை வீட்டில் வில்லியம் 1880 முதல் மின்விளக்கின் ஒளியில் செடிகளை வளர்க்கும் ஆய்வுகளை மேற்கொண்டார். இரவிலும் ஒளி பெற்ற செடிகள் விரைவில் பூத்துக் காய்த்தன. மின்வில்லின் ஒளி கண்ணாடித் தடுப்பின்றி நேரே பட்டால் இலைகள் கருகுவதும் கண்டறியப்பட்டது.

வெப்ப மீட்பு வரலாற்றில் இத்தோட்டத்துக்கு இன்னொரு வகையிலும் சிறப்பு உண்டு. ஒரு நீராவிப் பொறி மின்னாக்கிகளை ஓட்டியது. அம்மின்சாரம் இரவில் விளக்குகளுக்கும், பகலில் நீர் இறைத்தல், மரம் அறுத்தல், கால்நடைத் தீவனம் நறுக்குதல் ஆகிய வேலைகளுக்கும் கம்பி வழியே அனுப்பப்பட்டது. பொறியில் வேலை செய்து முடித்து வெளியேறும் நீராவி வீணாக விடப்படவில்லை. அதைக் கொண்டு நீர் சூடாக்கப்பட்டு, கண்ணாடிக் குடில்களின் குழாய்களில் சுற்றிவர விடப்பட்டது. இதனால் குடில்களுக்கெனத் தனி அடுப்புகள் தேவைப்படவில்லை.

நீராவிப் பொறியில் வேலையாக மாறாத வெப்பம் தவிர்க்க முடியாதது என்பதை வெப்ப இயக்கவியல் கூறுகிறது. இளமையில் வில்லியம் அவ்வெப்பத்தைப் பொறிக்குள்ளேயே திருப்பிச் செலுத்தப் பத்தாண்டுகள் முயன்று தோற்றார். செர்வுட்டில் அதே வெப்பத்தை, குறைந்த வெப்பநிலையே போதுமான வேறொரு தேவைக்கு அனுப்பினார். அது எளிதில் நிறைவேறியது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒரே எரிபொருளிலிருந்து பெறும் இக்கால இணை உற்பத்தி நிலையங்களின் கருத்தும் இதுவேயாகும்.

சூரியன் பற்றிய கருதுகோள்

1882 இல் வில்லியம் ராயல் சொசைட்டியில் சூரிய ஆற்றல் பற்றிய ஒரு கருதுகோளை முன்வைத்தார். சூரியன் எல்லாத் திசையிலும் வெப்பத்தைக் கொட்டியும் குளிராமல் இருப்பது எவ்வாறு என்பது அக்காலத்தின் தீராத வினா. சூரியன் சுழல்வதால் அதன் நடுக்கோட்டிலிருந்து வாயுக்கள் வெளியே வீசப்படுகின்றன. விண்வெளியில் ஒளியின் ஆற்றலால் அவை எரியக்கூடிய பொருள்களாகப் பிரிகின்றன. பின்னர் முனைகள் வழியே சூரியனுக்குள் இழுக்கப்பட்டு மீண்டும் எரிகின்றன என இவர் விளக்கினார். சுருங்கக் கூறின், சூரியனையும் ஒரு வெப்ப மீட்பு உலையாகவே இவர் கண்டார். அறிவியலாளர்கள் இதனை ஏற்கவில்லை. சூரியனின் ஆற்றல் அணுக்கரு இணைவிலிருந்து வருவது 20 ஆம் நூற்றாண்டில் தெளிவானது.

சிறப்புகளும் மறைவும்

1867 இல் பாரிஸ் பொருட்காட்சியில் பெரும்பரிசும், 1874 இல் கலைக் கழகத்தின் ஆல்பர்ட் பதக்கமும், 1875 இல் பெசமர் தங்கப் பதக்கமும் இவருக்கு வழங்கப்பட்டன. 1872 இல் தந்திப் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவரானார். 1882 இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1883 இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்தின் போர்ட்ரஷ் நகரில், நீர்விசையால் பெற்ற மின்சாரத்தில் ஓடும் மின்வண்டித் தடம் திறக்கப்பட்டது. இவர் பங்கேற்ற கடைசிப் பெரும் பணி அது.

1883 நவம்பர் தொடக்கத்தில் இலண்டனில் நடந்து செல்கையில் இவர் தடுக்கி விழுந்தார். அதன்பின் இதயநோயால் நலிந்து, நவம்பர் 19 அன்று தம் அறுபதாம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. உடல் கென்சால் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. பொறியியல் நிறுவனங்கள் சேர்ந்து இவர் நினைவாகப் பேராலயத்தில் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் 1885 இல் திறக்கப்பட்டது.

பிற்காலத் தாக்கம்

திறந்த உலை முறை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெசமர் முறையை முந்தியது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை 1912 இல் முதன்முதலாக எஃகு எடுத்ததும் திறந்த உலையிலேயே ஆகும். 1952 இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய ஆக்சிசன் ஊதுமுறை, பல மணி நேர வேலையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தது. அதன்பின் திறந்த உலைகள் பெரும்பாலான நாடுகளில் மூடப்பட்டன.

உலை மறைந்தாலும் அதன் கருத்து மறையவில்லை. கண்ணாடித் தொழிலில் செங்கல் அடுக்குகள் கொண்ட வெப்ப மீட்பு உலைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. வில்லியமின் நண்பர் எட்வர்ட் கௌப்பர் 1857 இல் இதே கருத்தைக் கொண்டு அமைத்த வெப்பக்காற்று அடுப்புகள், இன்றைய ஊதுலைகளுக்குச் சூடான காற்றை வழங்குகின்றன.

எவ்வளவு மீட்டாலும் உலையிலிருந்து ஓரளவு வெப்பம் வெளியேறியே தீரும். கண்ணாடி உலையில் செங்கல் அடுக்கைக் கடந்த பின்னும் புகை சில நூறு பாகை செல்சியசு வெப்பத்துடன் இருக்கும். உருக்குவதற்கு அது பயன்படாது. ஆனால் வீடுகளைச் சூடாக்க 70 முதல் 100 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரே போதுமானது. ஒரு மைய நிலையத்திலிருந்து தெருக்களின் அடியில் பதித்த குழாய்கள் வழியே வீடுகளுக்கு வெப்பம் வழங்கும் முறையை, 1877 இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹாலி வணிக அளவில் தொடங்கினார். 1903 இல் டென்மார்க்கின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் குப்பை எரிக்கும் ஆலையின் வெப்பம் மருத்துவமனைக்கும் பிற கட்டடங்களுக்கும் அனுப்பப்பட்டது. 1980களில் பிரான்சின் டன்கர்க் நகரில் எஃகு ஆலையின் வெப்பமும், சுவீடனின் கோதன்பர்க் நகரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வெப்பமும் நகர வெப்பக் குழாய்களில் சேர்க்கப்பட்டன. அண்மைக் காலத்தில் டென்மார்க், சுவீடன் நாடுகளில் கணினித் தரவு மையங்களின் வெப்பமும் இவ்வாறே வெப்ப எக்கிகளால் உயர்த்தப்பட்டு வீடுகளுக்கு வழங்கப்படுகிறது.

இவற்றுள் எதையும் வில்லியம் சீமென்ஸ் கட்டவில்லை. ஆயினும் இவற்றைத் திட்டமிடும் பொறியாளர்கள் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது. வெளியேறும் வெப்பத்தை அதே இடத்தில் மீண்டும் பயன்படுத்த இயலுமா என்பது முதல் வினா. இயலாவிட்டால், அந்த வெப்பநிலையே போதுமான தேவை அருகில் எங்கு உள்ளது என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு வெப்ப மீட்பு உலையும், இரண்டாம் வினாவுக்குச் செர்வுட் தோட்டமும் இவர் அளித்த விடைகளாகும்.